பாஸ் மார்க்கு 150: வழி சொல்ல ஆள் எங்கே?

சென்னையில் எத்தனையோ வீடுகளில் இன்று ஒரு டாக்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

கையில் பட்டம் இருக்கிறது. ஊசி போட உரிமை இல்லை. மருந்துச் சீட்டு எழுத உரிமை இல்லை. வாசலில் போர்டு மாட்ட உரிமை இல்லை.

யார் இவர்கள்? ரஷ்யா, சீனா, உக்ரைன், ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ் என்று வெளிநாடு போய் டாக்டருக்குப் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள். மகனையோ மகளையோ டாக்டராகப் பார்க்க வேண்டும் என்று அப்பா மனையை விற்றிருப்பார். அம்மா நகையை அடகுக் கடையில் வைத்திருப்பார். பாங்கு கடன் தனி.

வந்து இறங்கியவுடன் வேலை கிடைக்காது. நடுவில் ஒரு பரீட்சை நிற்கிறது. வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் தேர்வு என்று பெயர். சுருக்கமாக எப்.எம்.ஜி.இ. 2002-ம் ஆண்டு முதல் நடக்கிறது. டெல்லியில் உள்ள தேசிய மருத்துவத் தேர்வு வாரியம் ஆண்டுக்கு இரண்டு தடவை நடத்துகிறது. இதில் பாஸ் செய்து, ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடித்தால்தான் மருத்துவ கவுன்சிலில் நிரந்தரமாகப் பெயர் ஏறும். பெயர் ஏறினால்தான் டாக்டர்.

2025 ஜூலையில் நடந்த தேர்வை 36 ஆயிரம் பேர் எழுதினார்கள். தேறியவர்கள் 6,700 பேர் சுமார். ஐந்து பேரில் ஒருவர்கூட முழுசாக இல்லை!

மீதி நான்கு பேர் என்ன ஆகிறார்கள்? இதுதான் நம் கேள்வி.

மார்க்கைக் குறைக்கலாமா?

"பாஸ் மார்க்கைக் குறைத்துவிடுங்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். கூடாது.

நாளைக்கு நம் வீட்டுக் குழந்தைக்கு வலிப்பு வந்தால், பக்கத்துக் கிளினிக்குக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அங்கே இருப்பவருக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும். 300-க்கு 150 என்பது பெரிய மலை இல்லை. பாதிக்குப் பாதி. அதைக்கூடக் கேட்கக் கூடாது என்றால் நோயாளியின் உயிருக்கு என்ன மதிப்பு?

அதற்காக, பெயில் ஆனவர்கள் எல்லாம் மக்கு என்று சொல்வதும் அநியாயம். அந்த ஊர்ப் பாஷை தெரியாமல் நோயாளியிடம் பேச முடியாதவர்கள் உண்டு. 2020-ல் கொரோனா வந்து, சீனாவில் படித்தவர்கள் வீட்டிலிருந்தபடி செல்போனில் பாடம் கேட்டார்கள். 2022 பிப்ரவரியில் போர் வந்து, உக்ரைனில் படித்த ஆயிரக்கணக்கானவர்கள் உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடி வந்தார்கள். பிணத்தை அறுத்துப் பார்க்காமலும், வார்டில் நிற்காமலும் படித்த படிப்பு அது. குறை எல்லாம் மாணவர்மேல் இல்லை.

ஆனால் ஒன்று. நடந்ததை மாற்ற முடியாது. படிக்கும் முறையை மாற்றலாம். இதைச் சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. பணம் கறக்க மட்டும் ஆள் இருக்கிறார்கள்.

தராசில் போட்டுப் பாருங்கள்

நம் கடைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சரக்கு அதிகம் போகுமோ அதைத்தான் முதலில் வாங்கி அடுக்குவார்கள். பரீட்சைக்கும் அதே கணக்குதான்.

மொத்தம் 300 கேள்வி. 150, 150 என்று இரண்டு பகுதி. ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம். அதாவது கேள்விக்கு ஒரு நிமிஷம்.

எந்தப் பாடத்தில் எத்தனை கேள்வி என்று தேர்வு வாரியமே சொல்லியிருக்கிறது. பொது மருத்துவம் 33. அறுவை சிகிச்சை 32. பிரசவம், பெண்கள் நோய் 30. சமூக மருத்துவம் 30. இந்த நான்கிலேயே 125 ஆகிவிட்டது. குழந்தை மருத்துவம், கண், காது-மூக்கு-தொண்டை மூன்றும் தலா 15. சேர்த்தால் 170.

உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றும் தலா 17. மூன்றும் சேர்ந்தால் 51. ஆனால் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? முதல் வருஷப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். எலும்பு, நரம்பு என்று இரண்டு மாதம் போய்விடுகிறது. கடைசி வாரத்தில் சமூக மருத்துவத்தைப் புரட்டக்கூட நேரம் இருப்பதில்லை. 30 கேள்வி உள்ள பாடத்தை 3 நாளில் பார்த்தால் எப்படி?

அந்தச் சமூக மருத்துவம்தான் வெளிநாட்டில் படித்தவர்களுக்குப் புதுசு. பிறந்தவுடன் பி.சி.ஜி., 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட், 9 மாதத்தில் தட்டம்மை-ரூபெல்லா என்ற நம் அரசின் தடுப்பூசி அட்டவணையை வேறு நாட்டுக் கல்லூரியில் யார் சொல்லித்தருவார்? காசநோய்த் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையம், எல்லாம் இங்கே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். பக்கத்துக் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

பாம்புக் கடியும் அப்படித்தான். பனி கொட்டும் ஊரில் நல்ல பாம்பைத் தேடினாலும் கிடைக்காது. நம் ஊரில் நான்கு பாம்பு முக்கியம். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் ரத்தம் உறையாமல் செய்துவிடும். இந்த நான்குக்கும் சேர்த்துத்தான் இங்கே விஷமுறிவு மருந்து தயாராகிறது. அதற்கு விஷம் எடுத்துத் தருகிறவர்களில் மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பத்துத் தடவை படித்தாலும் நிற்காத பாடம் ஒரு நாளில் மனதில் நிற்கும்.

சட்ட மருத்துவத்தில் 10 கேள்வி. இதில் ஒரு பொறி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் சட்டமே மாறிவிட்டது. கொலைக்கு 302 என்று நமக்கெல்லாம் மனப்பாடம். இப்போது அது 103. மர்மச் சாவு என்றால் போலீஸ் போடும் 174, இப்போது 194. பழைய புத்தகத்தை மூர் மார்க்கெட் பக்கம் மலிவாக வாங்கிப் படித்தவர் பழைய எண்ணைத்தான் எழுதுவார். மார்க்கு போகும்.

படிப்பது வேறு, பார்ப்பது வேறு

"பதினாலு மணி நேரம் படிக்கிறான் சார். அப்படியும் பெயில் ஆயிட்டான்" என்று பெற்றவர்கள் அழுகிறார்கள்.

பதினாலு மணி நேரம் என்ன செய்தார்? புத்தகத்தைப் பார்த்தார். மஞ்சள் மையால் கோடு போட்டார். வீடியோவில் வாத்தியார் பேசியதைக் கேட்டார். மறுபடி பார்த்தார். தெரிந்த மாதிரி இருந்தது. பரீட்சை ஹாலில் கேள்வி வந்ததும் மறந்துவிட்டது.

இது இவருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் 1885-லேயே மறதியை அளந்து எழுதிவிட்டார். தன்னையே வைத்துச் சோதனை செய்தார். மனப்பாடம் செய்ததில் பெரும்பகுதி ஒரே நாளில் பறந்துவிட்டது.

மருந்து என்ன? 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பாடத்தை இரண்டு தடவை படிக்க வைத்தார்கள். இன்னொரு பாடத்தை ஒரு தடவை படித்துவிட்டு, அதை மூடி நினைவில் உள்ளதை எழுதிப் பார்க்க வைத்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது, இரண்டு தடவை படித்ததில் 81 சதவிகிதம் சொன்னார்கள். எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டார்கள். இரண்டு தடவை படித்தது 42-க்கு இறங்கிவிட்டது. எழுதிப் பார்த்ததில் 56 நின்றது!

பரீட்சை ஐந்து நிமிஷத்தில் வருவதில்லை. ஆறு மாதம் கழித்து வருகிறது. ஆகவே புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னைத்தானே கேட்டுப் பார்ப்பவனுக்குத்தான் பாடம் தங்கும்.

இதை நடைமுறையில் எப்படிச் செய்வது?

காலையில் எழுந்ததும் 50 கேள்வி. கடிகாரம் வைத்து 50 நிமிஷம். படித்து முடித்த பிறகு கேள்வி பார்ப்போம் என்று தள்ளிப் போடக் கூடாது. தப்பு வந்தால் வரட்டும். வீட்டில் வரும் தப்புக்கு மார்க்கு போகாது.

பிறகு விடையைப் பார்க்க வேண்டும். தப்பாகப் போட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுத வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு. "ஏன் தப்பு?" என்பதுதான் தலைப்பு. பாடமே தெரியவில்லையா? தெரிந்தும் கேள்வியை அவசரமாகப் படித்தோமா? இரண்டில் ஒன்றைச் சந்தேகப்பட்டு மாற்றிவிட்டோமா? மூன்றும் வேறு வேறு வியாதி. மருந்தும் வேறு.

அந்த நோட்டை மறுநாள் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள், ஒரு வாரம், மூன்று வாரம் என்று இடைவெளி விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் பத்துத் தடவை பார்ப்பதைவிட, பத்து நாளில் நாலு தடவை பார்ப்பது மேல்.

கடைசி இரண்டு மாதம் வாரம் ஒரு முழுப் பரீட்சை எழுத வேண்டும். காலையில் 150, சாப்பாட்டுக்குப் பின் 150. படுக்கையில் சாய்ந்துகொண்டு அல்ல. மேஜை, நாற்காலி, கம்ப்யூட்டர். ஐந்து மணி நேரம் உட்காரும் பழக்கம் இடுப்புக்கும் வேண்டும், மூளைக்கும் வேண்டும்.

இன்னொரு கணக்கு. இந்தப் பரீட்சையில் தப்பு விடைக்கு மார்க்குக் கழிப்பது கிடையாது. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை. 120 கேள்விக்கு நிச்சயமாக விடை தெரிந்த ஒருவர், மீதி 180-ஐ வெறுமனே விட்டுவிட்டால் பெயில். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைத் தொட்டாலும் சராசரிக் கணக்கில் 45 தேறும். ஆகவே ஒரு கேள்வியைக்கூடக் காலியாக விடக் கூடாது. அதற்காக ஊகத்தை நம்பிப் போகவும் கூடாது. வார்டில் நாலு விடை எழுதி வைத்துக்கொண்டு நோயாளி வருவதில்லை.

தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். டீக்கடையில் உட்கார்ந்து விடிய விடியப் படித்தால் பெருமை பேசலாம். படித்தது தங்குவது தூக்கத்தில்தான்.

குறுக்கு வழி எங்கே போகும்?

பெயில் ஆனவர்களைச் சுற்றி ஒரு கூட்டம் வட்டமிடுகிறது.

"நாளைக்கு வரப்போற கேள்வித்தாள் நம்மகிட்ட இருக்கு. பணத்தை அனுப்பு" என்று டெலிகிராமில் செய்தி வரும். தேர்வு வாரியமே இதை மோசடி என்று எச்சரித்திருக்கிறது. பணம் போனால் திரும்பாது. போலீசுக்குப் போகவும் கூச்சம். "கேள்வித்தாள் வாங்கப் போனேன்" என்று எந்த வாயால் புகார் கொடுப்பது?

இன்னொரு கும்பல் இன்னும் துணிச்சல். பாஸ் ஆகாமலே பாஸ் ஆனதாகச் சர்ட்டிபிகேட். 2022 டிசம்பரில் சி.பி.ஐ. ஒரு வழக்குப் போட்டது. தேர்வில் தேறாத 73 பேர், பல மாநில மருத்துவ கவுன்சில்களில் டாக்டராகப் பதிவு செய்துகொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. 14 மாநில கவுன்சில்களின் பெயர் வழக்கில் வந்தது. நாடு முழுவதும் 91 இடங்களில் சோதனை நடந்தது. ஆறு வருஷம் படித்துவிட்டுக் கடைசியில் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டுமா?

மூன்றாவது ஆபத்து சத்தமில்லாதது. "பாஸ் ஆகிறவரை சும்மா ஏன் இருக்கே? ராத்திரி டியூட்டி பாரு" என்று கூப்பிடும் நர்சிங் ஹோம்கள் உண்டு. சம்பளம் சொற்பம். வேலையோ முழு டாக்டர் வேலை. பையனும் வீட்டுச் செலவுக்கு ஆகுமே என்று போகிறான்.

சட்டம் என்ன சொல்கிறது? பதிவு இல்லாமல் வைத்தியம் பார்த்தால், 2019-ம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஒரு வருஷம்வரை ஜெயில், அல்லது 5 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அதோடு விடாது. கவனக்குறைவால் நோயாளி இறந்தால், புதிய சட்டத்தில் 106-வது பிரிவு. பதிவு பெற்ற டாக்டர் சிகிச்சையின்போது தவறினால் இரண்டு வருஷம்வரை தண்டனை. பதிவு இல்லாதவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஐந்து வருஷம்வரை போகலாம்!

முதலாளி "அவர் எங்களிடம் வேலை பார்க்கவே இல்லை" என்று கைகழுவிவிடுவார். கம்பி எண்ணப் போவது இந்தப் பிள்ளைதான். செத்துப் போனது யாரோ ஒரு ஏழை வீட்டு உயிர். ஆகவே ராத்திரி நேரத்தில் நர்சிங் ஹோமுக்குப் போகும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. "டாக்டர், உங்க பதிவு நம்பர் என்ன?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. உண்மையான டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டார் என்ன செய்யலாம்?

கல்யாண வீட்டில், கோவிலில், பஸ் ஸ்டாப்பில் ஒரே கேள்வி. "என்னப்பா, பாஸ் ஆயிட்டியா?" கேட்பவருக்கு அரை நிமிஷ விசாரிப்பு. கேட்கப்படுகிறவருக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் போச்சு. அப்புறம் சொந்தக்காரர் முகத்தில் விழிக்கவே பயந்து அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

பெற்றவர்களே, அந்தக் கேள்வியை உங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்துங்கள். இந்தத் தேர்வை இத்தனை தடவைதான் எழுதலாம் என்று வரம்பு இல்லை. ஒரு தடவை தவறினால் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், தூங்காமல் கிடந்தால் திட்டாதீர்கள். நல்ல மனநல டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கடன் பத்திரத்தை எடுத்துக் காட்டுவதால் மார்க்கு ஏறாது.

மாணவர்களே, தனியாக அறைக்குள் கிடக்காதீர்கள். மூன்று, நான்கு பேர் சேருங்கள். ஒருவர் கேட்க, ஒருவர் சொல்லுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்க இடம் இருக்கிறது. கலெக்டர் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் சோம்பல் தானாகப் போகும்.

அரசுக்கு மூன்று கோரிக்கை

ஒன்று: சென்னையில் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சம் இல்லை. சென்ட்ரல் எதிரில் ஒன்று, கீழ்ப்பாக்கத்தில் ஒன்று, ராயபுரத்தில் ஒன்று, ஓமந்தூரார் தோட்டத்தில் ஒன்று. வாரத்தில் இரண்டு சாயங்காலம், இந்தப் பட்டதாரிகளை வார்டுக்குள் விட்டு, ஒரு பேராசிரியர் நோயாளியைக் காட்டிப் பாடம் சொல்லட்டும். நோயாளியைத் தொட வேண்டாம், நின்று பார்த்தால் போதும். நியாயமான கட்டணம் வாங்கட்டும். லட்சக்கணக்கில் கறக்கும் டியூஷன் கம்பெனிகள் தானாக இறங்கி வரும்.

இரண்டு: இந்தத் தேர்வின் கேள்வித்தாளும் விடையும் வெளியிடப்படுவதில்லை. மறுகூட்டலும் கிடையாது. 149 வாங்கியவருக்குத் தான் எங்கே தவறினோம் என்றே தெரியாது. எந்தப் பாடத்தில் எத்தனை மார்க்கு என்றாவது தனித்தனியாகத் தரட்டும். வியாதி என்னவென்று சொல்லாமல் "உனக்கு உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பும் டாக்டர் உண்டா?

மூன்று: இந்தத் தேர்வுக்குப் பதிலாக நெக்ஸ்ட் என்று இன்னொரு தேர்வு வரும் என்று 2019 முதல் சொல்கிறார்கள். 2023 ஜூலையில் ஒத்தி வைத்தார்கள். வருமா, வராதா, எப்போது வரும்? தேதியைச் சொல்லிவிட்டால் படிக்கிறவர் அதற்கேற்பப் படிப்பார். வெளிநாட்டில் இடம் வாங்கித்தரும் ஏஜெண்டுகளும், இந்தத் தேர்வில் தேறினால்தான் தொழில் செய்யலாம் என்பதை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று உத்தரவு வேண்டும். இப்போது அவர்கள் போடும் விளம்பரத்தில் பனிமலையும் கட்டடமும்தான் தெரிகிறது.

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்டர் இல்லை என்று ஜனங்கள் புலம்புகிறார்கள். இங்கேயோ டாக்டருக்குப் படித்தவர்கள் வீட்டில் முடங்கிக் கிடக்கிறார்கள். நடுவில் இருப்பது 150 மார்க்கு. அதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஏறுவதற்கு ஒரு ஏணி வைக்கச் சொல்கிறோம்.

அடுத்த தேர்வுக்குள்ளாவது கவனிப்பார்களா?